கொதிக்கும் சட்டியும் குளிர்ந்த தட்டும்

2020 மார்ச்சில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 17 மாநிலங்களில் 36 பேரை லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தாக்கியிருந்தது. நான்கு பேர் இறந்துவிட்டார்கள். ஆறு பேருடைய தொற்று கர்ப்பத்தோடு தொடர்புடையது. அந்த ஆறில் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே இறந்துபோயின. நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே வாங்கினார்கள் என்று விசாரித்துக்கொண்டே போன அதிகாரிகள் கடைசியில் வந்து நின்ற பொருள், தென்கொரியாவிலிருந்து இறக்குமதியான எனோக்கி காளான். நீண்ட மெல்லிய வெள்ளைத் தண்டும் சின்னஞ்சிறு குடையுமாகக் கொத்துக் கொத்தாக விற்பார்களே, அதுதான்.

கொரியர்களின் அன்றாடச் சமையலில் புழங்கும் காளான் அது. ஆனால் கொரிய வீட்டில் அது போய்ச் சேரும் இடம் கொதிக்கும் குழம்பு, அல்லது இறைச்சி வாட்டும் சூடான தகடு. அமெரிக்காவிலோ பச்சையாக சாலட்டில் சேர்ப்பதும், இறக்கிய சூப்பின் மேல் கடைசியில் தூவுவதும் வழக்கமாக இருந்தது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, எனோக்கி பொட்டலத்தின் மேல் ‘சூடாக்கிச் சமைத்து உண்ணவும்’ என்று அச்சிடுவதைத் தென்கொரிய உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகம் கட்டாயமாக்கியது.

கொரியச் சாப்பாட்டையும் கர்ப்பத்தையும் பற்றிப் பேசும்போது இந்தக் காளானிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்கிறது. கிம்ச்சியின் காரத்தைக் கண்டு பயப்படுகிறோம். புளித்த வாடையைக் கண்டு முகம் சுளிக்கிறோம். பெயர் தெரியாத பண்டம் என்றால் ஒதுக்குகிறோம். காரமும் வாடையும் இல்லாத, சில்லென்று அழகாகப் பரிமாறப்பட்ட தட்டுதான் கர்ப்பிணிக்கு ஆபத்தானதாக இருக்கக்கூடும். அதன்மேல் நெருப்பு பட்டதா, பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்த விஷயம் இது. கடற்பாசி போன்ற ஒன்றிரண்டில் மட்டும் அளவு என்ற இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கேள்வி நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. 1990களின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கார் ஆலை வந்ததிலிருந்து சென்னையில் கொரிய உணவகங்கள் பெருகின. தொடர்களைப் பார்த்து ஆசைப்பட்டு ராம்யொன் நூடுல்ஸ் வாங்குகிற பெண்கள் ஒருபுறம், படிப்புக்கோ கணவரின் வேலைக்கோ சியோலில் போய் வாழ்கிற பெண்கள் இன்னொருபுறம். மசக்கையில் நாக்கு புளிப்பையும் காரத்தையும் தேடும் நாட்களில், ‘அதெல்லாம் தொடாதே’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதில் பயன் குறைவு. எதை ஏன் தொடக்கூடாது என்று தெரிந்தால்தான் மற்றதை நிம்மதியாகச் சாப்பிட முடியும்.

லிஸ்டீரியாவைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, குளிர்சாதனப் பெட்டி அதற்குத் தடையில்லை என்பதுதான். பெரும்பாலான நோய்க்கிருமிகள் 4 டிகிரி செல்சியஸில் பெருகாமல் முடங்கிவிடும். இது மட்டும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். உறைய வைத்தாலும் சாகாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பிருக்கும் கரைசலிலும் தாக்குப்பிடிக்கும். மண்ணிலும் சாணத்திலும் நீரிலும் இயல்பாக வாழ்வது என்பதால் காய்கறிகளில் ஒட்டிக்கொண்டு வருவது அதற்குச் சுலபம். ஆனால் வெப்பத்துக்கு முன்னால் அது பலவீனமானது. உணவின் நடுப்பகுதி 70 டிகிரியை எட்டி இரண்டு நிமிடம் நின்றால் போதும், செத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். கருவை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கிவிடாமலிருக்கத் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் செயல்பாட்டைச் சற்று மாற்றிக்கொள்கிறது. லிஸ்டீரியாவோ ரத்தத்தில் மட்டும் வெளிப்படையாகத் திரிவதில்லை. உடலின் செல்லுக்குள்ளேயே புகுந்து, அந்தச் செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்ற புரதத்தைத் தன் பின்னால் வால்போலக் கோத்து, அதன் உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் நேராகப் பாய்கிறது. வெளியே தலைகாட்டாமலே செல்லிலிருந்து செல்லுக்குப் போவதால் எதிர்ப்புரதங்களின் கையில் சிக்குவதில்லை. நஞ்சுக்கொடியில் கால் பதித்துவிட்டால் அங்கே பெருகி, குழந்தையை எட்டுகிறது. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி, முதுகு வலி என்று சாதாரண சளிக்காய்ச்சல்போலத்தான் தெரியும். சிலருக்கு அதுவும் இருக்காது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், பிறந்த குழந்தைக்கு ரத்தத்திலோ மூளையுறையிலோ தொற்று என்று சுமை முழுவதும் குழந்தையின் மேல் விழுகிறது.

இது அபூர்வமான நோய். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொரிய உணவகத்தில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கத் தேவையில்லை. அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் இழப்பு மிகப் பெரியது. அதனால்தான் மருத்துவர்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

உணவின் வழியாக லிஸ்டீரியா மனிதருக்கு வருகிறது என்பதே முட்டைக்கோஸால்தான் உறுதியானது. 1981இல் கனடாவின் கிழக்குக் கடற்கரை மாகாணங்களில் 41 பேருக்குத் தொற்று கண்டது. அதில் 34 கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் சார்ந்தவை. தேடிப்போனபோது கோல்ஸ்லா என்ற பச்சை முட்டைக்கோஸ் கலவையில் போய் முடிந்தது. அந்த முட்டைக்கோஸ் விளைந்த வயலுக்கு ஆட்டு எரு போட்டிருந்தார்கள். அந்த மந்தையில் லிஸ்டீரியா நோயால் ஆடுகள் செத்திருந்தன. அறுவடை செய்த காயைக் குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்த கிடங்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். மற்ற கிருமிகள் ஒடுங்கிக் கிடந்த அந்த மாதங்களில் லிஸ்டீரியா மட்டும் வளர்ந்தது.

அப்படியானால் கிம்ச்சி? அதுவும் பச்சை முட்டைக்கோஸ்தான், அதுவும் குளிரில் இருப்பதுதான். வித்தியாசம் புளிப்பில் இருக்கிறது. நீண்ட சீன முட்டைக்கோஸைப் பிளந்து, உப்பு நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, அலசி, மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறால் அல்லது நெத்திலிச் சாறு சேர்த்த விழுதை ஏடு ஏடாகத் தடவி அடைக்கிறார்கள். நவம்பர் கடைசியில் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிக் குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியை மொத்தமாகப் போடும் அந்த வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. ஜாடியை மூடிய பிறகு முட்டைக்கோஸிலேயே இருக்கும் லியூகோனோஸ்டாக், லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் சுரக்கின்றன. அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில், குளிரில் சில வாரங்களில், கிம்ச்சியின் பி.எச். அளவு 6க்குப் பக்கத்திலிருந்து 4.2க்கு இறங்கிவிடுகிறது. அந்த அமிலத்தில் லிஸ்டீரியா பெருக முடியாது. உடனே செத்துவிடாது, ஆனால் வளர்ச்சி நின்று நாளடைவில் எண்ணிக்கை குறையும்.

ஆகவே நன்றாகப் புளித்த கிம்ச்சியும் நேற்றுக் கலந்த கிம்ச்சியும் கர்ப்பிணிக்கு ஒன்றாகாது. கொத்ஜொரி என்று ஒரு வகை உண்டு. புளிக்கவே விடாமல், கலந்த கையோடு பரிமாறுவது. நூடுல்ஸ் கடைகளில் இதுதான் அதிகம். பச்சைக் காய்கறிக் கலவைக்கு என்னென்ன ஆபத்து உண்டோ அவ்வளவும் இதற்கும் உண்டு. இன்னொரு வகையில் பச்சைச் சிப்பியை உள்ளே வைத்து மடிப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். வீட்டிலே கிம்ச்சி போடுகிறவர்கள், கலந்த உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடாமல் ஒன்றிரண்டு நாள் வெளியே வைத்துப் புளிக்க விடுவது கொரிய வழக்கம். சுவைக்காக ஏற்பட்ட பழக்கம்தான், ஆனால் அறிவியலும் அதையே சொல்கிறது. குளிர் முதலிலேயே வந்துவிட்டால் நல்ல பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும். குளிரை விரும்பும் கிருமிக்கு நாம் இடம் விட்டுக்கொடுத்தது போலாகும்.

கர்ப்பிணியான தோழி ஒருத்தி என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: நம்பிக்கையான இடத்தில் வாங்கிய, நன்கு புளித்த கிம்ச்சியைக் கொஞ்சமாகச் சாப்பிடு. மனம் ஒப்பவில்லையென்றால் கிம்ச்சியையே குழம்பாக்கிச் சாப்பிடு. பழைய, புளிப்பேறிய கிம்ச்சியைப் பன்றி இறைச்சியோடும் டோஃபுவோடும் சேர்த்துக் கொதிக்கவிடும் கிம்ச்சி ஜிகே கொரியர்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. கிம்ச்சியை மாவில் கலந்து தோசைக்கல்லில் வார்க்கும் ஜொன் என்ற அடையும் உண்டு. நல்ல பாக்டீரியாக்கள் அதில் செத்துவிடுமே என்று வருத்தப்படலாம். தயிர் அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

உண்மையில் கொரியச் சமையலின் பெரும்பகுதி கொதிப்பும் வறுப்பும்தான். சோயா விழுதில் செய்யும் தோன்ஜாங் ஜிகே மேசைக்கு வந்த பிறகும் மண்சட்டியில் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட சொல்லொங்தாங், அரிசிக் கஞ்சியான ஜுக், சுட்ட கானாங்கெளுத்தி, அரிசி மாவு உருளைகளைக் காரச் சாறில் வேகவைத்த தொக்பொக்கி என்று எத்தனையோ இருக்கின்றன. முளைகட்டிய தானியம் உலகெங்கும் கிருமிக்குப் பேர்போனது. 1996இல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நோயுற்றபோது சந்தேகம் முள்ளங்கி முளைமேல் விழுந்தது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொரியர்களோ சோயா முளையையும் பாசிப்பயறு முளையையும் வேகவைக்காமல் தொடுவதில்லை. இந்த ஒரு பழக்கத்தை நாம் அப்படியே கடன் வாங்கலாம்.

அதே மேசையில்தான் பச்சைப் பண்டங்களும் இருக்கின்றன. இங்கேதான் நிற்க வேண்டும்.

கன்ஜாங் கேஜாங் என்பது உயிர் நண்டைச் சோயா சாற்றில் நாள்கணக்கில் ஊறவைத்துப் பச்சையாகவே உறிஞ்சிச் சாப்பிடுவது. ஓட்டுக்குள் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்பதை எந்தக் கொரியரிடம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வர்ணிப்பார். சோயா சாறு உப்பானதுதான், ஆனால் அது அடுப்பு ஆகாது. கடல் நண்டில் விப்ரியோ வகைக் கிருமிகள் பிழைத்திருக்கும். ஆற்று நண்டை ஊறவைத்தால் நுரையீரல் புழுவும் சேர்ந்து வரும். ஒரு காலத்தில் கொரியாவில் அந்தப் புழுநோய் பரவலாக இருந்ததற்கு இந்த உணவும் ஒரு காரணம்.

உப்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதற்கு 2019 நல்ல சாட்சி. அந்த ஆண்டு தென்கொரியாவில் 17,000க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்ற கல்லீரல் அழற்சி வந்தது. முந்தைய ஆண்டைப்போலப் பல மடங்கு. செப்டம்பரில் சுகாதார அதிகாரிகள் காரணத்தை அறிவித்தார்கள்: உப்பில் ஊறிய மட்டி. ஜொத்கால் என்று பொதுவாக அழைக்கப்படும் உப்பிட்ட கடலுணவு வகைகளில் ஒன்று அது. பரிசோதிக்கப்படாத மட்டி ஜொத்காலைச் சாப்பிட வேண்டாம் என்று அறிவுறுத்திய பிறகு நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது. வைரஸுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. குளிர்காலத்தில் பச்சைச் சிப்பியோடு வரும் நோரோ வைரஸும் அப்படித்தான். ஆகவே பச்சைச் சிப்பி, பச்சை மட்டி, நெளிந்துகொண்டே தட்டுக்கு வரும் ஆக்டோபஸ், மொக்போ பக்கத்துப் புளித்த திருக்கை எல்லாமே குழந்தை பிறக்கும்வரை தள்ளியே இருக்கட்டும். சமையலில் கரண்டியளவு சேர்த்துக் கொதிக்கவிட்ட இறால் ஜொத்கால் வேறு கதை. அது பயமில்லை.

ஹ்வே என்ற பச்சை மீன் துண்டங்களும் இந்த வரிசையில்தான். மீனையே விட்டுவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அமிலம் மீனில்தான் நிறைய இருக்கிறது. சமைத்துச் சாப்பிட வேண்டும், பாதரசம் குறைந்த மீனாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று பாதரசத்தைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. தென்கொரிய அமைச்சகம் கர்ப்பிணிகளுக்கு வகுத்திருக்கும் அளவு: சாதாரண மீனும் டின் சூரையும் வாரத்துக்கு 400 கிராம்வரை, பெரிய சூரை, மயில்மீன், சுறா ஆகியவை 100 கிராம்வரை. சுறாவை அங்கே யார் உண்கிறார்கள் என்றால், தென்கிழக்கே யொங்சொன் வட்டாரத்தில் முன்னோர் படையலுக்கு உப்பிட்ட சுறாத் துண்டு வைப்பது மரபு. நெத்திலியும் கானாங்கெளுத்தியும் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை.

யுக்ஹ்வே என்பது பச்சை மாட்டிறைச்சியை மெல்லியதாகக் கீறி, எள்ளெண்ணெய், பேரிக்காய், முட்டையின் பச்சை மஞ்சள் கருவோடு பரிமாறுவது. 2011இல் ஜப்பானின் தொயாமா பகுதியில் ஓர் இறைச்சி உணவகத் தொடரில் இதைச் சாப்பிட்டு 5 பேர் இறந்த பிறகு, அந்த நாடு பச்சை இறைச்சி விதிகளை இறுக்கியது. கர்ப்பிணிக்கு இதில் ஈ. கோலையோடு டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் அச்சமும் உண்டு. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இது தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம்.

மேசையிலேயே வாட்டிச் சாப்பிடும் சம்கியொப்சாலில் இறைச்சி வெந்துவிடுகிறது, அதனால் அது நல்லதே. தவறு இடுக்கியில் நடக்கிறது. பச்சை இறைச்சியை எடுத்துப் போட்ட அதே இடுக்கியால், வெந்ததை எடுத்துத் தட்டில் வைக்கிறோம். அதே கத்தரியால் வெந்த துண்டை நறுக்குகிறோம். கடையில் இன்னொரு இடுக்கி கேட்டால் மறுக்கமாட்டார்கள். இறைச்சியைச் சுற்றிச் சாப்பிடும் கீரை இலையையும் எள்ளிலை போன்ற பெரில்லா இலையையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டில் என்றால் நீங்களே கழுவலாம். கடையில் சந்தேகமாக இருந்தால் இலையை விட்டுவிட்டு இறைச்சியைச் சாப்பிடலாம்.

ஒருமுறை நெருப்பு பட்டுவிட்டால் எப்போதும் பாதுகாப்பு என்றும் நினைக்கக் கூடாது. 2021 கோடையில் சியோலுக்குத் தெற்கேயுள்ள சொங்னாம் நகரில் கிம்பாப் சாப்பிட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் சால்மோனெல்லாவால் நோயுற்றார்கள். கடற்பாசித் தாளில் சோறு, முட்டை, கீரை, ஊறுகாய் முள்ளங்கி வைத்துச் சுருட்டுவதுதான் கிம்பாப். ஏறக்குறைய எல்லாமே சமைத்தவை. ஆனால் முட்டை தொட்ட கை அடுத்ததைத் தொடுகிறது, உருட்டி வைத்தது வெயிலில் காத்திருக்கிறது. கண்முன்னே உருட்டித் தருவதை வாங்கிச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், மதியம் வாங்கியதை மாலைவரை பையில் வைத்திருக்க வேண்டாம். சோற்றோடு இலவசமாக வரும் பன்சான் என்ற சிறு கிண்ணத் தொடுகறிகளில் சூடானவற்றை எடுங்கள். காலையிலிருந்து மேசை மேசையாகக் காத்திருக்கும் மயோனைஸ் கலவைகளைத் தவிருங்கள். கலவைச் சோறான பிபிம்பாப் சாப்பிட ஆசையா? சுடுகல் கிண்ணத்தில் வரும் தொல்சொத் வகையைக் கேளுங்கள், முட்டையை இருபுறமும் பொரித்துப் போடச் சொல்லுங்கள். பச்சை மஞ்சள் கருவைச் சூடான சோறு வேகவைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

இனி, நெருப்பால் தீராத விஷயத்துக்கு வருவோம்.

கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் தரும் உணவு மியொக்குக். மியொக் என்ற பழுப்புக் கடற்பாசியை மாட்டிறைச்சியோ மட்டியோ சேர்த்துக் கொதிக்கவைத்த சூப். பிள்ளைப்பேற்றைக் காக்கும் சம்சின் பாட்டிக்குச் சோறும் இந்த சூப்பும் படைத்துவிட்டுத் தாய்க்குக் கொடுப்பார்கள். மரபான வீடுகளில் 21 நாளும் இதுதான். பிரசவத்துக்குப் பிறகு தங்கி ஓய்வெடுக்கும் காப்பகங்களிலும் வேளை தவறாமல் வரும். பிறந்தநாள்தோறும் பிள்ளைகள் இதைக் குடிப்பது, பெற்றவளை நினைத்துத்தான். இவ்வளவு அன்பு பொதிந்த ஓர் உணவைப் பற்றி எச்சரிக்கை சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். நாம் அயோடின் உப்பு சாப்பிடுவதே அதற்காகத்தான். மிகையானால் என்ன ஆகும் என்பதை 1948இல் வோல்ஃப், சாய்கோஃப் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளில் கண்டார்கள். அயோடின் வெள்ளமாக வந்தால் தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிப்பையே நிறுத்திக்கொள்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களின் சுரப்பி ஓரிரு நாளில் அந்தத் தடையிலிருந்து மீண்டுவிடும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அந்த மீளும் திறன் ஏறக்குறைய 36ஆவது வாரத்தில்தான் முதிர்கிறது. அதற்கு முன் வரும் மிகை அயோடின் அதன் சுரப்பியை அடக்கிவைக்கலாம்.

எல்லாக் கடற்பாசியும் ஒன்றல்ல. கிம்பாப் சுற்றும் கிம் என்ற கறுப்புத் தாளில் அயோடின் குறைவு, கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். மியொக்கில் அதைவிடப் பல மடங்கு. குழம்புச் சாறுக்குப் போடும் தாசிமா என்ற தடித்த பாசியில் ஒரே கிராமில் ஆயிரம், இரண்டாயிரம் மைக்ரோகிராம்கூட இருக்கும். கொதிக்கவிட்டு எடுத்து எறிந்துவிடுகிறோமே என்றால், அயோடின் பெரும்பாலும் சாற்றில் இறங்கியிருக்கும். சில ராம்யொன் பொட்டலங்களில் உள்ளே கிடக்கும் சதுரத் துண்டும் தாசிமாதான். பிரசவித்த முதல் வாரத்தில் கொரியத் தாய்மார்கள் நாளொன்றுக்கு 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் உட்கொள்வதாக அந்நாட்டு ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தைராய்டு மந்தமாவதற்கும் தாய்ப்பாலில் இருக்கும் அதிக அயோடினுக்கும் தொடர்பிருப்பதையும் அவர்களே கண்டு சொன்னார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவுத் தர ஆணையம் கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் பழுப்புக் கடற்பாசியை வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்கிறது. நியாயமான அளவு என்றே தோன்றுகிறது. நம் ஊரில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகள் நிறைய. அவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. தொத் என்று கொரியாவிலும் ஹிஜிக்கி என்று ஜப்பானிலும் அழைக்கப்படும் கருநிறக் குச்சிப் பாசியில் ஆர்சனிக் அதிகம். பிரிட்டன் 2004இலேயே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

காரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மிளகாயின் கேப்சைசின் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. நெஞ்செரிச்சல் தாய்க்குத்தான். 2024இல் டென்மார்க் மிகக் காரமான மூன்று கொரிய நூடுல்ஸ் வகைகளைத் திரும்பப் பெற்று, பின்னர் அவற்றில் இரண்டை மீண்டும் அனுமதித்தது. அந்த அளவு காரம் யாருக்குமே தேவையில்லை. ராம்யொனில் கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு பொட்டலத்தில் 1,700, 1,800 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். ஒரு நாள் முழுவதற்குமான வரம்பே 2,000 மில்லிகிராம்தான். ரத்த அழுத்தம் ஏறும் கர்ப்பிணி, பொடியில் பாதியைப் போட்டு, சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கொரியாவிலும் கர்ப்பிணிக்கான விலக்குகள் நெடுங்காலமாக உண்டு. ஹோ ஜுன் தொகுத்து 1613இல் அச்சான தொங்கி போகாம் என்ற மருத்துவ நூலிலேயே கர்ப்பிணி உண்ணக்கூடாதவை இடம்பெறுகின்றன. கோழி தின்றால் குழந்தையின் தோல் கோழித்தோல்போல ஆகும், நண்டு தின்றால் பிரசவத்தில் குழந்தை பக்கவாட்டில் திரும்பும் என்பன போன்ற நம்பிக்கைகளும் அங்கே உண்டு. சிவப்புப் பயறு, முளைகட்டிய பார்லி, நெற்பவளம் என்கிற யுல்மு தானியம் ஆகியவற்றைப் பாட்டிமார்கள் இன்றும் தவிர்க்கச் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பப்பாளி, எள் விலக்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோழிக்கும் தோலுக்கும் தொடர்பில்லை. யுல்மு மட்டும் எலிகளில் கருப்பையைச் சுருங்க வைத்ததாக ஆய்வு உண்டு, ஆகவே அதில் போடும் டீயைத் தினமும் குடிக்காமலிருப்பது நல்லது.

ஜின்செங் வேரும் அப்படியே. கோழிக்குள் ஒட்டும் அரிசியும் பேரீச்சை போன்ற இலந்தையும் ஜின்செங்கும் வைத்து வேகவைக்கும் சம்கியேதாங் சூப் கோடைக்கால விருந்து. 2003இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஜின்செங்கில் உள்ள ஒரு வேதிப்பொருள் ஆய்வகத்தில் எலிக் கருக்களின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுத்ததைக் கண்டார்கள். ஒரு கிண்ண சூப்பில் வரும் அளவை இதோடு ஒப்பிட முடியாது. வேரை எடுத்து ஓரம் வைத்துவிட்டுக் கோழியைச் சாப்பிடலாம். சிவப்பு ஜின்செங் சாறு, மாத்திரை, மிட்டாய் என்று செறிவாக விற்பவற்றை, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், ஒதுக்கிவிட வேண்டும். சத்து என்று நினைத்து அன்பளிப்பாக யாராவது அந்தச் சிவப்புப் பெட்டியை நீட்டுவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை பிறந்த பிறகு வீட்டில் வேறு யாராவது குடிக்கட்டும்.

சோஜு என்ற மது வேண்டாம் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலைப்போல வெண்மையாக, இனிப்பாக இருக்கும் மக்கொல்லியும் மதுதான், நூற்றுக்கு ஆறு பங்கு ஆல்கஹால் உள்ளது. அதே வெண்மையில், அரிசி மிதக்க வரும் சிக்கே என்ற இனிப்புப் பானத்தில் மதுவில்லை. இரண்டையும் மாற்றிக் குடித்துவிடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் பச்சையாக ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். உடம்பு நன்றாக இருந்தால் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தேதியை மட்டும் குறித்து வையுங்கள். ஏனென்றால் லிஸ்டீரியா வெளிப்பட 70 நாள்வரை ஆகலாம். இரண்டு மாதம் கழித்து வரும் காய்ச்சலை அந்த ஒரு தட்டு நண்டோடு யாரும் இணைத்துப் பார்க்கமாட்டார்கள். அந்த இடைவெளியில் காய்ச்சலோ, உடம்பு வலியோ, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்ததுபோலவோ தோன்றினால், வெறும் சளிக்காய்ச்சல் என்று கைமருந்தில் ஆற்றாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியலாம். கர்ப்பிணிக்குத் தயக்கமில்லாமல் தரக்கூடிய ஆம்பிசிலின் என்ற பழைய மருந்தே அதற்கு நன்றாக வேலை செய்கிறது. நேரத்தோடு தொடங்கினால் தாயோடு குழந்தையையும் காப்பாற்ற முடியும்.